மைக்கை ஆன் செய்யாதவள்

மார்ச் 4, செவ்வாய்

உணவகக்காரர் தொண்ணூறு நாற்காலிகளையும் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

எல்லாம் பழைய நாற்காலிகள். ஏலத்தில் எடுத்து, ஆடும் காலை மாற்றி, மெருகு போட்டு, இருக்கைக்குப் புதுத் துணி தைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். அது அவருக்கும் தெரியும். பழசு என்பதற்காக அவர் கோபப்படவில்லை. கூடத்தில் வரிசையாகப் போட்டு விளக்குகளைப் போட்டார்கள். பாதி இருக்கைகள் ஒரு பச்சை. மீதி வேறொரு பச்சை, கொஞ்சம் கருத்த பச்சை. என் கிடங்கின் அழுமூஞ்சி விளக்கில் எல்லாம் ஒரே பச்சையாகத்தான் இருந்தது.

"என்னம்மா, ரெண்டு கடையில வாங்கி ஒண்ணா சேத்த மாதிரி இருக்கு?"

"கண்ணு பழகிடும் சார்," என்றேன்.

"என் கண்ணு பழகிடும். சாப்பிட வர்றவன் கண்ணு எதுக்கும்மா பழகணும்?"

மாதக் கடைசியில் திறப்பு. அதற்குள் சரி செய்து தர வேண்டும், இல்லாவிட்டால் முன்பணத்தைத் திருப்ப வேண்டும். முன்பணமா? அது எப்போதோ மரமாகவும் துணியாகவும் மாறிவிட்டது.

மார்ச் 5, புதன்

காலைக் குழு அழைப்பில் தையல்காரியைக் கிழித்துவிட்டேன்.

போன வருடம் வாடகையை ஏற்றினார்கள் என்று பட்டறையைக் காலி செய்ததில் இருந்து எல்லோரும் அவரவர் இடத்தில்தான் வேலை. தம்பி ஊர் ஊராக ஏலக் களத்தில் நிற்பான். மரவேலைக்காரர் — கோபம் வந்தால் வெடிப்பார், அதனால் எல்லோருக்கும் பட்டாசு — அவர் வீட்டுக் கொட்டகையில். தையல்காரி அவள் வீட்டில். மகள் வேறு ஊரில். தன் வேலைக்கு நடுவில் எனக்கு வாடிக்கையாளர்களையும் பார்த்துக்கொள்கிறாள். காலை ஒன்பதுக்குக் கைப்பேசியில் எல்லோரையும் சேர்த்து அழைப்பேன். பேசி முடித்ததும் தினமும் நான் சொல்வது ஒன்றுதான்: "யாரும் பேசலைன்னா எல்லாருக்கும் சம்மதம்னு எடுத்துக்கிறேன்." ஏலக் களத்தில் கற்றது. சுத்தியல் விழும் வரை கை தூக்காதவனுக்குப் பிறகு பேச உரிமை இல்லை.

தையல்காரி ஒருநாளும் பேசியதில்லை. மைக்கில் குறுக்குக் கோடு போட்டபடி அவள் படம் மட்டும் ஓரத்தில் நிற்கும். மைக்கை ஆன் பண்ணு, ஆன் பண்ணு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

"துணி ரெண்டு நிறமா இருக்கிறது உன் கண்ணுக்குத் தெரியலையா? வாயைத் திறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா? இப்பவாவது மைக்கை ஆன் பண்ணி பதில் சொல்லு!"

ஆன் செய்யவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் படமே காணாமல் போய்விட்டது. குழுவில் இருந்தே வெளியேறிவிட்டாள் என்று கைப்பேசி சொன்னது.

"அக்கா, சூடு கொஞ்சம் அதிகம்," என்றார் பட்டாசு. பட்டாசு எனக்குச் சொல்கிறார்!

மார்ச் 6, வியாழன்

மகள் கூப்பிட்டாள். "அம்மா, அவங்க எழுதியிருக்காங்க. ரெண்டு தடவை."

"எங்க?"

"குழுவுலதான். நீ பேசிட்டே இருக்கும்போது கீழ எழுத்து வரும்மா. 'ரெண்டாவது கட்டுத் துணி கொஞ்சம் கருப்பா இருக்கு, தைக்கவா நிறுத்தவா'ன்னு கேட்டிருக்காங்க. மறுநாளும் கேட்டிருக்காங்க."

"நீ பார்த்தியா அப்ப?"

"நான் அந்த நேரம் பஸ்ல நின்னுட்டு ஒரு காதுல கேப்பேன். நேத்து நீ கத்தினப்புறம்தான் மேல தள்ளிப் பார்த்தேன்."

நான் அந்தப் பக்கமே பார்ப்பதில்லை. பார்த்தால் என்ன இருக்கும்? தம்பி அனுப்பும் காலை வணக்கப் பூக்கள். ரோஜா, தாமரை, பனித்துளியோடு ஏதோ ஒரு பூ. அந்தப் பூக்களுக்கு அடியில் என் தொண்ணூறு நாற்காலி கிடந்திருக்கிறது.

தையல்காரிக்கு மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. சாயங்காலம் தம்பி வேறொரு சேதி சொன்னான்: சோபா கடைக்காரர் அவளை மாதச் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறாராம். அவர் கூப்பிடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இருக்கையின் மூலையை அவளைப் போல மடித்துத் தைக்கிற கை இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. அவள் போனால் இந்த நாற்காலிகள் மட்டுமா போகும்?

மார்ச் 7, வெள்ளி

நேரிலேயே போய்விட்டேன். ஒரு வருடமாக வேலை வாங்குகிறேன், இன்றுதான் அந்த வீட்டைப் பார்க்கிறேன்.

மாடியில் ஒரே அறை. கதவைத் தட்டினேன். ஒரு விரல் அளவு திறந்து, உதட்டில் விரலை வைத்தாள். உள்ளே சன்னலோரம் தையல் இயந்திரம், சுவரோரம் அடுத்த வேலைக்கான என் இருக்கைகள், நடுவில் தொங்கவிட்ட திரை. திரைக்குப் பின்னால் அவள் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். பட்டப்பகலில்.

"ஏம்மா —" என்று ஆரம்பித்தேன். என் குசுகுசுப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். நீ ரகசியம் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் பதில் சொல்வார் என்பார் என் வீட்டுக்காரர். திரைக்குப் பின்னால் கட்டில் முனகியது. அவள் தன் கைப்பேசியைத் தூக்கிக் காட்டினாள். என்னுடையது சிணுங்கியது.

"எழுதுங்கக்கா."

ஒரே பாயில் இரண்டு பேரும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், கைப்பேசியில் சண்டை போட்டோம். இதை எந்த வியாபாரி செய்திருப்பான்? எனக்கு ஒற்றை விரல். அவளுக்கு இரண்டு கட்டை விரலும் குதிக்கின்றன.

"மெஷின் பகலெல்லாம் சத்தம் போடுமே, அதுக்கு அசையாம தூங்கறாரே. நான் வாயைத் திறந்தா எந்திரிக்கிறாரா?" என்று எழுதினேன்.

"மெஷின் சத்தத்துல தூங்கிப் பழகிட்டார். அது நின்னாத்தான் புரண்டு படுப்பார். பேச்சுச் சத்தம்னா உடனே முழிச்சுடுவார், யாரோ தன்னைக் கூப்பிடற மாதிரி இருக்குமாம். முழிச்சா அவ்வளவுதான், திரும்பத் தூக்கம் வராது."

அடுத்த வரி தானே வந்தது: "ராத்திரி பஸ் ஓட்டறவர்க்கா. பின்னாடி நாப்பது பேர் தூங்கிட்டு வருவாங்க. இவர் பகல்ல தூங்கினாத்தான் அவங்க ராத்திரி தூங்க முடியும்."

திரையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். பிறகு எழுதினேன்:

"ஏன் இதை எங்கிட்ட முன்னாடியே சொல்லலை?"

"நீங்க கேக்கவே இல்லையே. மைக்கை ஆன் பண்ணுன்னுதானே சொல்வீங்க."

எனக்குள் இருக்கும் வியாபாரி சும்மா இருப்பாளா? எழுதினேன்: "ரெண்டாவது தடவை கேட்டும் பதில் வரலைன்னா நிறுத்தியிருக்கலாம்ல?"

அவள் ஒரு இருக்கையை எடுத்து ஓரத்தைக் கையாலேயே தைத்து முடித்தாள். நூலை அறுத்தாள். பிறகு எழுதினாள்:

"பேசலைன்னா சம்மதம்னு எடுத்துக்கிறேன்னு தினமும் சொல்றது யாரு? நான் கேட்டேன். நீங்க பேசலை. சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்."

சிரிப்பு பீறிட்டுவிட்டது. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். திரைக்குப் பின்னால் ஒரு இருமல். அவள் சட்டென்று எழுந்து போய்க் காலை மிதியில் வைத்து, ஊசிக்கு அடியில் துணியே இல்லாமல் இயந்திரத்தை ஓட்டினாள். கடகடகட. இருமல் அடங்கி, மூச்சு சீராகும் வரை ஓட்டினாள். தூளியை ஆட்டுகிற மாதிரி.

பிறகு நான் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எழுதினேன்: "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் கத்தினது என் தப்பு."

"எல்லார் முன்னாடியும் கத்தினீங்க. எல்லார் முன்னாடியும் எழுதுங்க."

எழுதினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தே குழுவில் எழுதினேன். துணி வாங்க வரும்போது முணுமுணுப்பாய் "சரிக்கா" என்பதைத் தவிர எதுவும் சொல்லாதவள் இவள். எழுத்தில் என்னை நிற்க வைத்துக் கணக்குக் கேட்கிறாள்! இத்தனை நாள் இந்தப் பெண் எங்கே இருந்தாள்?

கிளம்பும்போது படியில் இறங்கிக்கொண்டிருந்தேன், கடைசிச் சேதி வந்தது. "இந்த நாற்காலிகளை முடிச்சுத் தர்றேன். அது என் தையல், பாதியில விட மாட்டேன். சோபா கடைக்குப் போறேனா இல்லையான்னு மாசக் கடைசியில சொல்றேன்."

மார்ச் 9, ஞாயிறு

அந்த முதல் பச்சையில் துணி ஆலையில் மிச்சம் இல்லை. தொண்ணூறையும் பிரித்துத் தைக்கக் கையில் காசு இல்லை. உணவகக்காரரிடம் போய், கருத்த பச்சையை எல்லாம் உரித்துவிட்டு மண் நிறம் போடுகிறேன், ஒரு மேசைக்கு இரண்டு பச்சை, இரண்டு மண் நிறம் என்றேன். மகள் கணினியில் வரைந்த படத்தைக் காட்டினேன். நெற்றியைச் சுருக்கினார். விலையில் கொஞ்சம் இறங்கினேன். நெற்றி சரியானது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசனை. எல்லோரையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டுப் பேசினால் என் வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. மலிவான வழி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏலத்தில் ஒரு பொருள் அடிமாட்டு விலைக்கு வந்தால் முதலில் என்ன கேட்பேன்? மீதி விலையை எவன் கொடுத்தான் என்றுதானே? இதில் கேட்கவில்லை. தையல்காரி கொடுத்திருக்கிறாள்.

மார்ச் 10, திங்கள்

காலை அழைப்பை நிறுத்திவிட்டேன். இனி எல்லாம் எழுத்தில். குழுவுக்கு அறிவித்தாகிவிட்டது. தையல்காரி திரும்பச் சேர்ந்துவிட்டாள். தம்பி அதற்கு ஒரு தாமரை அனுப்பினான். பூ அனுப்பினால் சம்பளத்தில் பிடிப்பேன் என்று எழுதினேன். அதற்கும் ஒரு தாமரை.

மார்ச் 12, புதன்

ஒரு விடுதியை மூடுகிறார்கள். கட்டில்கள் ஏலம். நல்ல தேக்கு. தம்பி களத்தில் நின்றுகொண்டு விலையை எழுதிக் கேட்டான், ஏறவா, விடவா என்று. நான் கண்ணாடியைத் தேடினேன். தேடி எடுத்து, மாட்டி, படித்து, "எடு" என்று எழுதுவதற்குள் வேறு ஆள் எடுத்துவிட்டான்.

அவனே போன் செய்தான், விதியை மீறி.

"அக்கா, சுத்தியல் உன் கண்ணாடிக்காக அந்தரத்துல நிக்குமா?"

"எழுத்துலதான்னு நான்தானேடா சொன்னேன்."

"நீ சொல்லலைக்கா. எழுதின."

மார்ச் 13, வியாழன்

பழைய இருக்கையைக் கழற்றப் பட்டாசிடம் போய்த் திரும்பிய நாற்காலிகளில் ஒன்று ஆடியது. "இந்த நாற்காலியின் கால் ஆடுகிறது" என்று படத்தோடு குழுவில் எழுதினேன். பதிலுக்கு ஒரு புள்ளி வந்தது. வெறும் ஒற்றைப் புள்ளி. இதற்கு என்ன அர்த்தம்?

மார்ச் 14, வெள்ளி

பட்டாசிடம் இருந்து ஒன்றும் இல்லை. புள்ளிகூட இல்லை. தையல்காரி மண் நிறத்தைத் தைத்துக்கொண்டு போகிறாள். அவர் மீதி நாற்காலிச் சட்டங்களைக் கொடுக்காவிட்டால் இருக்கையை என் தலையிலா பொருத்துவேன்?

மார்ச் 15, சனி

பொறுக்க முடியாமல் பட்டாசுக்குப் போன் செய்தேன்.

"என்ன பட்டாசு, நமுத்துப்போச்சா?"

அந்தப் பக்கம் உளிச் சத்தம் நின்றது. பிறகு: "கால் ஆடுகிறது. படம். எல்லாரும் பார்க்கிற எடத்துல. கோர்ட்டுல இருந்து நோட்டீஸ் வந்த மாதிரி இருந்துச்சு அக்கா. வீட்டுக்காரிகிட்ட காட்டினேன், 'உங்களை வேலைய விட்டு நிறுத்தப் போறாங்க'ன்னுட்டா."

"அடப்பாவி! ஆடுதுன்னா ஆடுதுன்னுதானேய்யா எழுத முடியும்?"

"வாயால சொல்லியிருந்தா என்ன சொல்வீங்க? 'யோவ், உன் நாற்காலி டான்ஸ் ஆடுதுய்யா, வந்து பாரு'ன்னு சொல்வீங்க. நானும் சிரிச்சுட்டு ஒரு ஆப்பு அடிச்சுட்டுப் போயிருப்பேன். எழுத்துல உங்க சிரிப்பு வரலையே."

"நான் சிரிச்சுக்கிட்டேதான் எழுதினேன்."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும்? கருத்த துணியைப் பற்றி அவள் எழுதியது எனக்கு எப்படித் தெரியும் என்று நான் எனக்குள் கேட்டுக்கொண்ட அதே கேள்வி. ஒருத்திக்கு என் குரல் போனால் இடைஞ்சல், இன்னொருவருக்கு என் குரல் போகாவிட்டால் வலி. தம்பிக்கோ இரண்டும் இல்லை, வேகம் வேண்டும். எல்லோருக்கும் ஒரே அளவில் செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு யார் காலைக் கடிக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவர் வந்தார். ஆப்பு அடித்தார். போகும்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டிக் காட்டி, "டான்ஸ் நின்னுபோச்சு," என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

மாற்றிவிட்டேன். அளவு, நிறம், எண்ணிக்கை, தேதி எல்லாம் எழுத்தில். ஒருவர் வேலையில் குறை இருந்தால் எழுதுவதில்லை; அவருக்கு மட்டும் போன், அவருக்குத் தோதான நேரத்தில். ஏலத்துக்குத் தம்பி நேரடியாகக் கூப்பிடலாம், நான் குளித்துக்கொண்டிருந்தாலும். தையல்காரியிடம் குறை சொல்ல வேண்டி வந்தால் மட்டும் எழுத்து, ஆனால் தனியாக.

பதில் இல்லாவிட்டால் சம்மதம் என்பதையும் எடுத்துவிட்டேன். பதில் வரும் வரை யாரும் துணியை வெட்ட வேண்டாம், மரத்தை அறுக்க வேண்டாம். மகள் எழுதினாள்: "அப்ப நீ தினமும் குழுவைப் படிக்கணும்மா." ஆமாம். அதுதான் செலவு. இந்த முறை என் கையில் இருந்து.

மார்ச் 19, புதன்

பாதி முடிந்தது. மண் நிறம் நன்றாகவே இருக்கிறது.

மார்ச் 22, சனி

தையல்காரி ஒரு கேள்வி கேட்டிருந்தாள்: மூலையில் தையல் வெளியே தெரியலாமா, மறைக்கவா? கிடங்கில் நின்றபடியே உடனே பதில் எழுதினேன். "இவ்வளவு சீக்கிரமா! உடம்பு சரியில்லையாக்கா?" என்று கேட்டாள்.

சோபா கடையைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் விலை ஏறும் என்ற கணக்கு ஒரு பக்கம். கேட்க பயம் என்பது இன்னொரு பக்கம். நமக்கு நாமே எழுதிக்கொள்வதில் என்ன வேஷம்?

மார்ச் 28, வெள்ளி

நாற்காலிகளைக் கொண்டுபோய்ப் போட்டோம். விளக்குகளைப் போட்டார்கள். உணவகக்காரர் கூடத்தைச் சுற்றி வந்து, ஒரு பச்சையில் உட்கார்ந்தார், எழுந்து ஒரு மண் நிறத்தில் உட்கார்ந்தார்.

"முதல்லயே இப்படிச் செஞ்சிருக்கலாமேம்மா?"

"முதல்லயே யோசிக்கிறவளா இருந்தா நான் ஏன் சார் பழைய நாற்காலி விக்கிறேன்?"

பாக்கியைக் கொடுத்துவிட்டார். கூடத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். பட்டாசு கைதட்டும் படம் போட்டார். தம்பி, வேறென்ன, பூ. தையல்காரி படத்தைப் பார்த்துவிட்டாள் என்று அடையாளம் வந்தது. ஒன்றும் எழுதவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

காலையில் கைப்பேசி அடித்தது. எடுத்துப் பார்த்தால் அவள். எழுத்தில்லை, அழைப்பு!

"அக்கா! நான்தான் பேசறேன்!"

காதில் இருந்து கைப்பேசியைத் தள்ளிப் பிடித்தேன். இவளுக்கா இப்படி ஒரு குரல்? கணீரென்று, சந்தையில் கூவுகிறவள் மாதிரி. பின்னால் அவள் கணவர் சிரிக்கும் சத்தம்.

"அவருக்கு இன்னைக்கு லீவு. முழிச்சுத்தான் இருக்கார். அதான் கத்திப் பேசறேன்."

"பேசு, பேசு. சோபா கடை என்னாச்சு?"

"கடைக்காரர் நல்ல சம்பளம்தான் சொல்றார். ஆனா அங்க போனா பகல்ல மெஷின் அங்க ஓடும், இங்க ஓடாது. இவர் தூங்க மாட்டார்." உடனே குரலை இன்னும் உயர்த்தினாள். "அதுக்காக சும்மா இருப்பேன்னு நினைக்காதீங்க. இருக்கைக்கு நூத்தம்பது வேணும்."

இதுவரை தொண்ணூறு ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தேன். "இதை எழுதிக் கேட்டிருக்கலாமே," என்றேன், நேரம் கடத்த.

"எல்லாத்துக்கும் எழுத்து சரிக்கா. பேரத்துக்கு மட்டும் குரல் வேணும்."

"நூறு."

"நூத்தி நாப்பது."

"… நூத்திப் பத்து. அதுக்கு மேல என்னால ஆகாது."

அவள் சிரித்தாள். "நூத்திப் பத்துன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விட்டீங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு, இன்னும் இருக்குன்னு. எழுத்துல அது எனக்குக் கேட்டிருக்குமா?"

இத்தனை வருட ஏலத்தில் என் மூச்சை எவனும் கணக்குப் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டு ஒரு வருடம் என்னை உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்; வேறு யாருக்குத் தெரியும்?

பிறகு அவள் நிறுத்தவே இல்லை. பிள்ளையின் பள்ளிக்கூடம், மாடி வீட்டுத் தண்ணீர்ச் சண்டை, சோபா கடைக்காரர் சிரிக்கும்போது மூக்கு மேலே போவது எல்லாவற்றையும் பேசினாள். நான் ம் கொட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "உடம்புக்கு என்ன, இவ்வளவு நேரமா பேசாம இருக்கே?" என்றார்.

முடிவானது இது: ஒரு இருக்கைக்கு நூற்றிருபது. துணி என் செலவு, நூல் அவள் செலவு. வேலை எழுத்தில் மட்டும், அன்றன்றைக்கே என் பதிலோடு. போன் அவள் கணவரின் விடுப்பு நாளில் மட்டும். அன்று அவள் பேசுவாள், நான் கேட்பேன்.